விசாரணை மேஜையிலிருந்து ஓர் இணையதளம்: தகவலை அடுக்கிக் கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுத்தர ஊரின் மருத்துவமனைத் தளத்தைத் திருத்திக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. பழைய தளத்தின் முகப்பில் நிறுவனரின் படம், அதற்குக் கீழே ஓடும் எழுத்தில் ஒரு வரவேற்பு, இடப்பக்கம் துறைகளின் நீளமான பட்டியல். எலும்பு டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று தேடிப் பார்த்தேன். துறைகள் பக்கத்துக்குப் போய், ‘எலும்பு முறிவு மற்றும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைத் துறை’யைத் திறந்தால், அந்தத் துறை எப்போது தொடங்கப்பட்டது, யார் குத்துவிளக்கு ஏற்றினார்கள் என்றெல்லாம் இருந்தது. டாக்டர் வரும் கிழமை மட்டும் இல்லை. கடைசியில் அடியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். விசாரணை மேஜையில் இருந்த அக்கா எடுத்தார். “செவ்வாய், வெள்ளி சாயங்காலம் நாலு மணிக்கு மேல வருவார் சார். காலையிலயே போன் பண்ணி டோக்கன் போட்டுடுங்க” என்றார். பத்து நொடியில் முடிந்தது.

தகவல் கட்டமைப்பு என்ற பெரிய பெயருக்கு அடியில் இருக்கிற வேலை, அந்த அக்காவின் மனத்தில் இருக்கும் ஒழுங்கைத் தளத்துக்குக் கொண்டுவருவதுதான். இந்தப் பெயரை 1976-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் ரிச்சர்டு சால் வர்மன் கட்டடக் கலைஞர். 1998-இல் எழுதிய புத்தகம் வழியாக அதை இணையத்துக்கு எடுத்து வந்த லூயிஸ் ரோசன்ஃபெல்டும் பீட்டர் மோர்வில்லும் நூலகவியல் படித்தவர்கள். பயனரை நடுவில் வைத்து வடிவமைப்பது என்ற பேச்சு 1986 வாக்கில் அமெரிக்க ஆய்வாளர் டொனால்டு நார்மனும் அவருடன் இருந்தவர்களும் தொடங்கிப் பரவியது. இன்று அதற்கு ஐ.எஸ்.ஓ. 9241-210 என்ற தரநிலையே இருக்கிறது. இந்த வரலாறு தெரியாவிட்டாலும் வேலை நிற்காது. கீழே சொல்வதை மருத்துவமனையை வைத்தே சொல்கிறேன். பள்ளிக்கூடம், கூட்டுறவு வங்கி, நகராட்சி எதுவானாலும் படிகள் பெரிதாக மாறாது.

படி 1: இரண்டு நாள் விசாரணை மேஜைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்

கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். நோட்டில் மூன்று பத்தி: கேட்டவர் சொன்ன வார்த்தை அப்படியே, யாருக்காகக் கேட்டார், பதில் தெரிந்ததும் அடுத்து என்ன செய்தார். ‘அப்படியே’ என்பதில் கறாராக இருங்கள். “கிட்னி டாக்டர் இருக்காங்களா” என்று ஒருவர் கேட்டால் நோட்டில் ‘சிறுநீரகவியல்’ என்று எழுதிவிடாதீர்கள். படித்தவர் கை தானாகவே மொழிபெயர்த்துவிடும். என் கையும் முதல் அரை மணி நேரம் அதைத்தான் செய்தது.

எனக்குக் கிடைத்த கேள்விகளில் சில: இன்னிக்கு ஆர்த்தோ டாக்டர் உண்டா? வயிறு ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வரணுமா? காப்பீட்டு அட்டை செல்லுமா? லேடி டாக்டர் இருக்காங்களா? குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது? ரத்தம் கொடுத்த ரிப்போர்ட் வந்துடுச்சா? பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்த பஸ்? துறையின் வரலாற்றை ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது பத்தி எனக்குப் பெரிய பாடம். போன் செய்தவர்களில் பலர் நோயாளிகளே இல்லை. திருப்பூரிலோ சென்னையிலோ வேலை செய்யும் மகன், ஊரில் இருக்கும் அம்மாவுக்காகக் கேட்கிறான். மருமகள் மாமனாருக்காகக் கேட்கிறாள். தளத்தைத் திறக்கப்போகிறவர் இந்த மகனும் மருமகளும்தான். மருத்துவமனைக்கு நடந்து வரப்போகிறவர் வேறொருவர். அப்படியானால் ஒவ்வொரு பதிலும் இன்னொருவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். ‘செவ்வாய் மாலை 4 மணி, முதல் மாடி, பழைய ரிப்போர்ட் எடுத்து வரவும்’ என்ற மூன்று துண்டும் ஒரே திரையில் தெரிந்தால், அந்த மகன் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பிவிடுவான்.

பயனரிடம் “தளத்தில் என்ன வேண்டும்?” என்று நேராகக் கேட்பதில் பயனில்லை. “நல்லா இருக்கணும், கலரா இருக்கணும்” என்பார்கள், பாவம், வேறு என்ன சொல்வார்கள்? அதற்குப் பதில் “கடைசியாக இங்கே வந்தபோது என்னென்ன செய்தீர்கள், எங்கே அலைந்தீர்கள்?” என்று கேளுங்கள். நோய் என்னவென்று கேட்காதீர்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

பழைய தளம் இருந்தால் கூகுள் சர்ச் கன்சோலையும் ஒருமுறை பாருங்கள். மக்கள் என்ன வார்த்தையைத் தட்டி அந்தத் தளத்தை வந்தடைந்தார்கள் என்று அது காட்டும். நோட்டில் எழுதியதும் அதில் இருப்பதும் ஒன்றுபோல வந்தால் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

படி 2: இருப்பதைக் கணக்கெடுங்கள்

அலுப்பான வேலை, ஆனால் தப்பிக்க முடியாது. ஒரு எக்செல் தாளில் பழைய தளத்தின் எல்லாப் பக்கங்களையும் எழுதுங்கள்: முகவரி, தலைப்பு, கடைசியாகத் திருத்திய நாள், யார் பொறுப்பு, நோட்டில் உள்ள எந்தக் கேள்விக்கு இது பதில். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் பக்கங்கள் ஏராளமாக வரும். அவற்றை உடனே அழிக்க வேண்டாம், தலைவர் கேட்பார். ‘எங்களைப் பற்றி’ என்ற ஒரே பக்கத்துக்குள் குடித்தனம் வைத்துவிடலாம்.

தமிழ்த் தளங்களுக்கென்றே உள்ள இரண்டு சிக்கலை இந்தப் படியில்தான் பிடிக்க முடியும். ஒன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அவை தமிழாகத் தெரியும். மற்ற இடங்களில் ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அறிவிப்புப் பலகையைப் போட்டோ எடுத்து அப்படியே ஏற்றிய பக்கங்கள். கண்ணுக்கு எழுத்து, கணினிக்கு வெறும் படம். தேடலில் சிக்காது, பார்வையற்றவரின் திரை வாசிப்பு மென்பொருளும் அதைப் படிக்காது.

பிறகு எதிர்த்திசையில் பாருங்கள்: எந்தக் கேள்விக்குப் பக்கமே இல்லை? பிறப்புச் சான்றிதழ் எனக்கு இப்படித்தான் அகப்பட்டது. நிர்வாகி, “அது நாம கொடுக்கிறது இல்லையே, எதுக்குப் பக்கம்?” என்றார். அவர் சொன்னது சரி. சான்றிதழ் தருபவர் பிறப்பு இறப்புப் பதிவாளர். 21 நாளுக்குள் பிறப்பை அவருக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் வேலை. ஆனால் குழந்தையைப் பெற்றவருக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. அவர் விசாரணை மேஜைக்குத்தான் வருகிறார், தளத்துக்கும் வருவார். ‘நாங்கள் தருவதில்லை, நாங்கள் இதைச் செய்துவிடுவோம், நீங்கள் இங்கே போய் இதைக் கேளுங்கள்’ என்று ஐந்து வரியில் ஒரு பக்கம் எழுதினோம்.

படி 3: அட்டைகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்

இதைக் கார்டு சார்ட்டிங் என்பார்கள். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் இருந்தாலே போதும், சின்ன அட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு தகவல்: ‘டாக்டர் வரும் நேரம்’, ‘அறை வாடகை’, ‘உடன் இருப்பவர் எங்கே தங்கலாம்’, ‘டிஸ்சார்ஜுக்கு என்ன ஆகும்’, இப்படி நாற்பது ஐம்பது அட்டை. ஒருவரை மேஜையில் உட்கார வைத்து, “உங்களுக்கு எது எதோடு சேரும் என்று தோன்றுகிறதோ அப்படி அடுக்குங்கள், பிறகு ஒவ்வொரு அடுக்குக்கும் நீங்களே ஒரு பெயர் வையுங்கள்” என்று சொல்லுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இது சொல்வதைவிடக் கடினம். பதினைந்து பேரிடம் செய்தால் போதும் என்பது, தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் சொன்ன கணக்கு. எனக்குப் பத்தாவது ஆளிலேயே ஒழுங்கு தெளிந்துவிட்டது.

மருத்துவமனை ஊழியர்களிடமும் இதே அட்டைகளைக் கொடுத்தேன். அவர்கள் துறைவாரியாக அடுக்கினார்கள்: லேப், ரேடியாலஜி, பில்லிங், வார்டு. சம்பளம் வரும் வழியும் அறைகள் இருக்கும் வரிசையும் அப்படித்தான். வெளியாட்கள் அடுக்கியது வேறு மாதிரி. கிளம்புவதற்கு முன் தெரிய வேண்டியவை ஒரு கட்டு, போன அன்றைக்குத் தேவைப்படுபவை ஒரு கட்டு, தங்க நேர்ந்தால் ஒரு கட்டு, வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கட்டு. ஓர் அம்மா தன் கட்டுக்கு வைத்த பெயர், “புறப்படுறதுக்கு முன்னாடி.” என் மேஜையில் இன்னும் அந்த அட்டை இருக்கிறது.

எந்தத் தகவலையும் ஐந்து வழிகளில்தான் அடுக்க முடியும் என்று வர்மன் ஒரு கணக்குச் சொல்வார்: இடம், அகரவரிசை, காலம், வகை, பெரிதிலிருந்து சிறிதாகப் போகும் வரிசை. ஊழியர்கள் வகையைப் பிடித்தார்கள், வந்தவர்கள் காலத்தைப் பிடித்தார்கள். அகரவரிசை தமிழில் பலருக்குக் கைவராது. டாக்டர் பட்டியலை அ, ஆ என்று அடுக்கி வைத்தால் ‘ஷ’வில் தொடங்கும் பெயரை எங்கே தேடுவது என்று நானே தடுமாறுவேன்.

முழுக்கக் காலவரிசையிலும் போகவில்லை. கடைசியில் நின்ற மெனுவின் மேல்தட்டு இது: டாக்டரைப் பார்க்க; பரிசோதனை, ஸ்கேன்; சேர்ந்து தங்க; கட்டணம், காப்பீடு; ரிப்போர்ட், சான்றிதழ்; வரும் வழி. இதற்கு வெளியே, எல்லாப் பக்கத்தின் உச்சியிலும் அவசர எண்.

இங்கே இரண்டு கட்டுக்கதைகளைச் சொல்லிவிடுகிறேன். மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். அந்த ஏழுக்கு மூலமான உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதியது, பார்த்ததைச் சற்று நேரம் நினைவில் வைத்துக்கொள்வது பற்றி. மெனு கண்முன்னேயே இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று கிளிக்குக்குள் எல்லாம் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒவ்வொரு கிளிக்கிலும் ‘சரியான வழியில்தான் போகிறோம்’ என்று தெரிந்தால் மக்கள் ஐந்து கிளிக்கும் போவார்கள். சந்தேகம் வந்தால் இரண்டாவதிலேயே போனை எடுத்துவிடுவார்கள்.

பிரிட்டிஷ் அரசு இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2012 அக்டோபரில் தொடங்கிய கவ்.யூகே தளத்தில், எந்த அமைச்சகம் எதைக் கவனிக்கிறது என்று தெரியாமலேயே வரி கட்டலாம், ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கலாம். பாஸ்போர்ட் வேண்டும் என்பவருக்கு எந்த அலுவலகத்தின் கீழ் அது வருகிறது என்று எதற்குத் தெரிய வேண்டும்?

படி 4: ஒரே தகவலுக்குப் பல வாசல் வையுங்கள்

இந்த இடத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகப் புத்தகங்களை வகைபிரிக்க அதுவரை பெருவழக்காக இருந்த டூயி முறையில் ஒரு புத்தகத்துக்கு ஒரு கிளை, ஒரு எண். மரத்தில் ஒரு கிளையில் உட்கார்ந்தால் இன்னொரு கிளையில் இருக்க முடியாது. ரங்கநாதனுக்கு இது ஒத்துவரவில்லை. லண்டன் செல்ஃபிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மைத் தொகுதியைப் பார்த்ததில் அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள்: சில அடிப்படைத் துண்டுகள் இருந்தால் வேண்டிய உருவத்தைப் பூட்டிக்கொள்ளலாம். 1933-இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறை அப்படிப்பட்டது. ஒரு பொருளை அதன் முகங்களாகப் பிரித்து, முகங்களைச் சேர்த்து எண் உருவாக்குவது. இன்று துணிக்கடைத் தளத்தில் நிறம், அளவு, விலை என்று பக்கவாட்டில் தட்டி வடிகட்டுகிறோமே, அதன் அடியில் இருப்பது இந்த எண்ணம்தான்.

மருத்துவமனையில் டாக்டர் பட்டியலுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். துறை ஒரு முகம். வரும் கிழமை ஒரு முகம். ஆணா பெண்ணா என்பது ஒரு முகம். ‘லேடி டாக்டர் இருக்காங்களா’ என்ற கேள்வி என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்ததால்தான் அதைச் சேர்த்தோம், துறை மரத்தில் அதற்கு இடமே இருந்திருக்காது. தெலுங்கோ மலையாளமோ பேசுபவர் அதிகம் வரும் ஊர் என்றால் மொழியும் ஒரு முகம். டாக்டரின் விவரம் ஒரே இடத்தில் ஒரே பதிவாக இருக்கட்டும். ‘செவ்வாய்க்கிழமை யார் யார்’, ‘மகப்பேறு டாக்டர்கள்’, ‘பெண் டாக்டர்கள்’ என்ற பக்கங்கள் எல்லாம் அந்த ஒரே பதிவிலிருந்து தாமாக உருவாகட்டும். நேரம் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பழைய தளத்தில் ஒரே டாக்டரின் நேரம் மூன்று பக்கத்தில் மூன்று விதமாக இருந்ததைக் கண்டேன்.

முகங்களை அள்ளிப் போடாதீர்கள். டாக்டர் எங்கே படித்தார் என்பதை வைத்து வடிகட்ட யாரும் கேட்கவில்லை. நோட்டில் இல்லாத முகம் திரையிலும் வேண்டாம்.

ரங்கநாதன் 1931-இல் சொன்ன ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அலுவலகக் கூட்டத்தில் ‘முகப்பில் பெரிய படம் ஓடணும்’ என்று யாராவது பிடிவாதம் பிடிக்கும்போது இதை எடுத்து விடுவேன். பாதி நேரம் பலிக்கும்.

படி 5: பெயர் வையுங்கள்

என் கணக்கில் பாதி வெற்றி இந்தப் படியில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

தமிழில் ஒரே பொருளுக்கு மூன்று மொழிநிலை உண்டு. அரசு ஆவணத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, ஆங்கிலத்திலிருந்து வந்து வீட்டு வார்த்தையாகிவிட்டது ஒன்று. புறநோயாளிகள் பிரிவு என்பதை விசாரணை மேஜையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, எல்லோருக்கும் அது ஓ.பி. நீரிழிவு, சர்க்கரை, சுகர் மூன்றும் ஒன்று. மூலத்தைப் பைல்ஸ் என்பவரும் உண்டு. சிறுநீரகத்தைக் கிட்னி என்று சொல்பவர்தான் அதிகம். தனித்தமிழில்தான் எழுத வேண்டும் என்ற ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் வலியோடு தேடுகிறவரிடம் அதை நடத்திப் பார்க்க எனக்கு மனமில்லை. நான் செய்தது இது: மக்கள் சொல்லும் வார்த்தையைத் தலைப்பாகவும் இணைப்பாகவும் வைத்தேன், முறையான சொல்லைப் பக்கத்தின் முதல் வரியில் வைத்தேன். ‘கிட்னி டாக்டர்’ என்று தொட்டால், ‘சிறுநீரகவியல் பிரிவில் இரண்டு மருத்துவர்கள் இருக்கிறார்கள்’ என்று பக்கம் தொடங்கும். வந்தவருக்கு வழியும் கிடைத்தது, போர்டில் என்ன எழுதியிருக்கும் என்றும் தெரிந்தது.

சில நேரம் சிக்கல் எதிர்த்திசையில் வரும். ‘ஸ்கேன்’ எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை, ஆனால் அது எந்த ஸ்கேன்? அல்ட்ராசவுண்டா, சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? சீட்டில் டாக்டர் எழுதியதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் அந்தப் பக்கத்தில் முதலிலேயே ‘உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்டு, டாக்டர்கள் எழுதும் சுருக்கங்களை வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் கீழே, வெறும் வயிற்றில் வர வேண்டுமா, தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிறைந்த நிலையில் வர வேண்டுமா என்பது. விசாரணை மேஜையில் அதிகம் கேட்கப்பட்டதும், தவறாகப் புரிந்துகொண்டால் அன்றைய நாளே வீணாகப் போவதும் இதுதான்.

காப்பீடு இன்னொரு நல்ல உதாரணம். திட்டத்தின் முழுப் பெயர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் பெயரில் வந்த திட்டத்தை நினைவில் வைத்து இன்னும் ‘கலைஞர் காப்பீடு’ என்பவர்கள் இருக்கிறார்கள். ‘முதலமைச்சர் கார்டு’ என்பவர்கள் இருக்கிறார்கள். வெறுமனே ‘அட்டை’ என்பவர்களும் உண்டு. தலைப்பில் ‘முதலமைச்சர் காப்பீட்டு அட்டை’ என்று வைத்து, மற்ற பெயர்களைத் தேடலுக்கு மட்டும் தெரியும்படி ஒரு சொற்பட்டியலில் போட்டோம். நூலகத்தில் ‘இதைக் காண்க’ என்று ஒரு சீட்டு சொருகி வைப்பார்களே, அதேதான்.

தவிர்க்க வேண்டிய பெயர்கள் சில: ‘சேவைகள்’ (எல்லாமே சேவைதான்), ‘மேலும் அறிய’ (எதை?), ‘இங்கே சொடுக்கவும்’. திரை வாசிப்பு மென்பொருளில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும் பார்வையற்றவருக்கு, ‘இங்கே சொடுக்கவும்’ பத்து முறை ஒலித்தால் எப்படி இருக்கும் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். தமிழில் ‘ஆர்வலர் பகுதி’ போல அழகாக ஒலிக்கும் பெயர்கள் வரும். தொட்டால் என்ன கிடைக்கும் என்று அந்நியர் ஒருவரால் சொல்ல முடியாவிட்டால் தூக்கிவிடுங்கள்.

படி 6: மரத்தைத் தாளிலேயே சோதியுங்கள்

மேல்தட்டுப் பெயர்களும் அவற்றின் கீழே கிளைகளாக வருபவையும் சேர்ந்ததுதான் மரம். வடிவமைப்பாளர் வண்ணம் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். மேல்தட்டு ஆறு பெயரையும் ஓர் அட்டையில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழே வருபவற்றைத் தனித்தனி அட்டைகளில் எழுதுங்கள். ஒருவரிடம் ஒரு வேலையைச் சொல்லுங்கள்: “உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி. எந்த நாள் கூட்டி வரலாம் என்று பாருங்கள்.” அவர் விரல் வைக்கும் பெயரின் அட்டையைக் கொடுங்கள். தவறான கிளையில் போய்த் திரும்பி வந்தால் எங்கே திரும்பினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கேள்வியில் மெனுவின் வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. ‘கட்டணம் எங்கே பார்ப்பீர்கள்’ என்று கேட்டால் குழந்தைகூட ‘கட்டணம்’ என்ற சொல்லைத் தொட்டுவிடும். “எவ்வளவு பணம் எடுத்து வரணும்?” என்று கேளுங்கள்.

இந்தச் சோதனையில்தான் ‘சேர்ந்து தங்க’ என்ற எங்கள் பெயர் அடி வாங்கியது. ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, “இது என்ன தம்பி, லாட்ஜா?” என்றார். ‘அட்மிஷன்’ என்று மாற்றினோம். யாரும் அதன்பின் தடுமாறவில்லை.

படி 7: பக்கத்தை வரையுங்கள், முதலில் போன் அளவில்

ஒரு பக்கத்தில் பதில் முதலில், விளக்கம் பிறகு, வரலாறு வேண்டுமானால் கடைசியில். தொலைபேசி எண் தொட்டதும் அழைப்புப் போக வேண்டும். எண்ணைப் படமாக வைத்த தளங்களைப் பார்த்து எத்தனை முறை பல்லைக் கடித்திருப்பேன். முகப்பின் முதல் திரையில் ‘இன்று யார் இருக்கிறார்கள்’ என்பது வந்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஆங்கிலத்தில் வரைந்த பொத்தானுக்குள் ‘முன்பதிவு செய்யுங்கள்’ அடங்காது. அதனால் முதல் வரைவையே தமிழ்ச் சொற்களோடு போடுங்கள். மேலே கொம்பும் கீழே சுழியும் இடிக்காத அளவுக்கு வரி இடைவெளி தாராளமாக இருக்கட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்பது வலை அணுகல் நெறிமுறைகளின் அளவு. வெளிர் சாம்பல் எழுத்தை விரும்பும் வடிவமைப்பாளரிடம் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரல்மொழியில் குறிப்பிட மறக்க வேண்டாம். அதைப் பார்த்துத்தான் திரை வாசிப்பு மென்பொருள் தமிழ்க் குரலுக்கு மாறும்.

இணைய முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது அது விகாரமாகிவிடும். யூனிகோடில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு ஐந்து குறிகள். முகவரியில் குறியாக்கம் ஆகும்போது ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாகி, மொத்தம் 45 எழுத்து, சதவீதக்குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நீளும். சீட்டில் அச்சிடவும் போனில் சொல்லவும் வேண்டிய முகவரி என்பதால் நான் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்தேன்.

படி 8: தேடலைத் தமிழுக்குப் பழக்குங்கள்

ஆங்கிலத்துக்கென்று செய்த எளிய தேடல் கருவி தமிழில் திணறும். ‘இதயம்’ என்று தேடுபவருக்கு, ‘இதயத்துக்கு’ என்று மட்டும் எழுதிய பக்கம் அகப்படாது. வேற்றுமை ஏறும்போது சொல்லின் கடைசியே மாறிவிடுகிறது. பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுவார்கள், ஒரே சொல்லை நான்கு விதமாக. பெரிய மென்பொருள் வாங்கப் பணம் இல்லை என்றால் கவலை வேண்டாம். இருநூறு பக்கத்துக்குள் உள்ள தளத்துக்கு, ஒவ்வொரு பக்கத்துக்கும் மறைவாக ஒரு சொற்பட்டியல் கைப்பட எழுதி வைத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். நோட்டில் உள்ள வார்த்தைகள், வேற்றுமை ஏறிய வடிவங்கள், ஆங்கில எழுத்து வடிவங்கள், வழக்கமான எழுத்துப்பிழைகள். ‘சக்கரை’ என்று தட்டுபவருக்கு ‘இதைச் சர்க்கரை என்று எழுத வேண்டும்’ என்று பாடம் எடுக்காமல் பக்கத்தைக் காட்டுங்கள்.

படி 9: ஐந்து பேரை உட்கார வையுங்கள்

தளம் பாதி தயாரானதும், அவரவர் போனிலேயே திறக்கச் சொல்லி, வேலை கொடுத்துப் பாருங்கள். ஐந்து பேர் போதும் என்று நீல்சன் சொன்னது பிரபலம். ஒருவர் கண்ணில் சுமார் 31 சதவீதக் குறைகள் படும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரில் 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்பது அதன் கணக்கு. அந்த ஐவரும் ஒரே மாதிரியான ஆட்களாக இருந்தால்தான் அது பொருந்தும். ஊரில் இருக்கும் பெரியவரும் வெளியூரில் இருக்கும் மகனும் ஒரே மாதிரி இல்லை. அதனால் இரண்டு ஐந்து. ஒரே நாளில் பத்துப் பேரை வைப்பதைவிட, ஐவரைப் பார்த்து, திருத்தி, மறுபடி ஐவரைப் பார்ப்பது மேல்.

அவர் தடுமாறும்போது உதவக் கை பரபரக்கும். உதவாதீர்கள். “இப்ப என்ன யோசிக்கிறீங்க?” என்று மட்டும் கேளுங்கள். “எனக்குத்தான் தெரியலை” என்று அவர் தன்னைத்தானே நொந்துகொண்டால், “இல்லைங்க ஐயா, நாங்கள்தான் சரியாக வைக்கவில்லை” என்று சொல்லிவிடுங்கள்.

படி 10: யார் கையில் சாவி?

மருத்துவமனைத் தளம் வெளியான மறு வாரமே டாக்டர் விடுப்பில் போவார். அதைத் தளத்தில் போட, கடிதம் எழுதி, ஒப்புதல் வாங்கி, ஒப்பந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருந்தால், நீங்கள் செய்த ஒன்பது படியும் வீண். எங்கள் ஏற்பாடு: டாக்டர் வருகைப் பதிவை மட்டும் திருத்தும் உரிமை விசாரணை மேஜை அக்காவுக்கு. அவர் போனிலேயே, ‘இன்று வரவில்லை’ என்று ஒரு பொத்தான். நிர்வாகத்துக்கு முதலில் பயம். அவர்தான் போனில் நூறு பேருக்கு இதே தகவலைச் சொல்கிறார் என்று நினைவூட்டியதும் ஒத்துக்கொண்டார்கள். மற்ற ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயரும், மறுபடி சரிபார்க்கும் தேதியும் அந்த எக்செல் தாளிலேயே இருக்கிறது.

மாதம் ஒருமுறை, தேடலில் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்த சொற்களை அச்செடுத்து அக்காவோடு உட்கார்வோம். சிலவற்றுக்குச் சொற்பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும், சிலவற்றுக்குப் புதுப் பக்கம் வேண்டியிருக்கும். சென்ற முறை தாளின் முதல் வரியில் ‘சிசேரியன் எவ்வளவு’ என்றிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இதைத்தான் சார் தினமும் கேட்கிறாங்க” என்றார். தொகையைத் தளத்தில் போடலாமா கூடாதா என்று நிர்வாகக் குழுவில் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.